அப்பாவின் பீடை

எங்கள் வீட்டில் மின்விசிறிக்குப் பெயர் பீடை. காற்று வராது, சத்தம் மட்டும் வரும். "அந்தப் பீடைய நிறுத்து, புழுங்கினாலும் பரவாயில்ல" என்பார் அப்பா. காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது மொபெட் உதைக்க உதைக்க முரண்டு பிடித்தால் அது பீடை. துணி காயப்போட்ட பிறகு வருகிற மழை பீடை. சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துக் கதவைத் தட்டுகிறவர், வந்து பேசிவிட்டுப் போன பிறகு, பீடை.

நானும் பீடைதான். "அந்தப் பீடை எங்க சுத்துது? சோறு ஆறுது, கூப்பிடு" என்று அவர் குரல் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்கும். பள்ளித் தோழி ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு, "உங்க அப்பா உன்ன ஏன்டி இப்டித் திட்றாரு?" என்றாள். "திட்டலடி, சாப்பிடக் கூப்பிட்றாரு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அவள் வீட்டில் அவளைச் செல்லம் என்று கூப்பிடுவார்கள். எனக்கு அந்தச் செல்லத்தின் மேல் ஒரு பொறாமையும் வந்ததில்லை.

அகராதியைப் புரட்டினால் பீடை என்பதற்குத் துன்பம், நோய் என்று போட்டிருக்கும். அகராதி எழுதினவர்கள் ஆவடியில் குடியிருந்ததில்லை. துன்பம் வரும், போகும். பீடை பிடிக்கும். பிடித்தால் ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தொற்றும். துரதிர்ஷ்டம் என்பது செய்தித்தாளில் வருகிற சொல். எங்கள் தெருவில் யாரும் அதை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. சனியன் என்று திட்டினாலாவது சனிக்கு ஒரு கோயில் இருக்கிறது, எள் விளக்கு இருக்கிறது, ஏழரை வருஷம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பீடைக்குக் கோயிலும் இல்லை, கணக்கும் இல்லை. அதனால்தான் அதைக் கண்டு அவ்வளவு பயம்.

அப்பாவிடம் அந்தச் சொல் இரண்டு குரலில் இருந்தது. உரத்த குரலில் சொன்னால் மின்விசிறி, மழை, நான். தாழ்ந்த குரலில் சொன்னால் அது வேறு. ஓடாத கடிகாரம் சுவரில் தொங்கினால் அவருக்குத் தூக்கம் வராது. "கழட்டி வைம்மா, பீடை" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்வார். விளக்கு வைத்த பிறகு வீட்டைக் கூட்டினாலும், உடைந்த கண்ணாடியில் முகம் பார்த்தாலும் அதே தாழ்ந்த குரல்தான். ராணுவ வண்டிகள் செய்கிற தொழிற்சாலையில் ஃபிட்டர் அவர். எஞ்சினைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டுகிற மனிதர். சாமியார் யாரையும் வாசலில் ஏற்றியதில்லை. ஆனாலும் நின்றுபோன கடிகாரத்துக்கு நடுங்குவார். எனக்குச் சிரிப்பாக வரும்.

அந்தத் தாழ்ந்த குரல் என் மேலேயே ஒரு நாள் விழும் என்று அப்போது தெரியாது.

என்னை வானகரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் மாமனாரின் பெயின்ட் கடையில் தீப்பிடித்தது. அடுத்து கணவருக்கு வேலை போயிற்று. அடுத்து வீட்டுப் பிள்ளை போல் வளர்த்த நாய் ரோட்டில் அடிபட்டுச் செத்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் கிடைத்தது அவர்களுக்கு. மாமியார் தன் தங்கையிடம் போனில் பேசுவார், நான் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். "இது வந்து நுழைஞ்சதுலேர்ந்து ஊட்ல பீடைதான்." என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார். கணவருக்கும் காது நன்றாகத்தான் கேட்டது. கடைசியில் ஒரு பெட்டியோடு ஆவடிக்கே திரும்பி வந்தேன்.

"அப்படி என்னதான் சொன்னாங்க?" என்று அம்மா கேட்டாள். அப்பா மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அன்றோடு அந்தச் சொல் எங்கள் வீட்டை விட்டுப் போயிற்று. மின்விசிறி 'அது' ஆகிவிட்டது. மழை வெறும் மழை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். ஊரில் அத்தனை பேரும் கூப்பிடுகிற அதே பெயர்தான். அவர் வாயில் அது விருந்தாளியைக் கூப்பிடுவது போல் இருந்தது. பழையபடி கூப்பிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை எனக்கு. வானகரத்தில் அந்தப் பேச்சு வாங்கியதைவிட இந்த மரியாதை அதிகமாக வலித்தது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். வருஷங்கள் ஓடின.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, சேக்காட்டில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு வந்தோம். சொந்த மனை வேப்பம்பட்டில் இருந்தது. எப்போதோ வாங்கிப் போட்டது. ரிட்டயர் ஆன பிறகு அப்பா தினமும் ரயிலேறிப் போய்த் தானே நின்று கட்டினார். சுவர் எழும்பியது, தளம் போட்டாயிற்று, வாசலுக்கு நிலையும் கதவும் வைத்தாயிற்று. பூச்சு வேலை பாக்கி, ஜன்னல் பாக்கி, தரை பாக்கி. "தை பொறந்ததும் பால் காய்ச்சிடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பால் காய்ச்சாத வீட்டில் யாரும் ஒரு ராத்திரி படுக்கக்கூட மாட்டார்கள். அதுவரைக்கும் அது செங்கல்லும் சிமென்டும்தான். பால் பொங்கினால்தான் வீடு.

தைக்கு முன்னால் அவர் வயிற்றில் கட்டி வந்தது. கண்டுபிடித்தபோதே அது ஈரலுக்குப் பரவியிருந்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இறந்து, அவரை எடுத்துப்போக ஆள் வருவதற்குள் அந்தக் கட்டிலுக்கு அடுத்த நோயாளியை அழைத்து வந்து ஓரமாக நிற்க வைத்ததை அப்பா பார்த்தார். அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன இங்க விட்டுடாத. வீட்ல போவணும்" என்றார். எனக்குத் தெரிந்து அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். டாக்டரும் அதையே வேறு விதமாகச் சொன்னார். "இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

எந்த வீட்டுக்கு என்று டாக்டர் சொல்லவில்லை.

சேக்காட்டு மாடிக்குத்தான் கொண்டுவந்தோம். மார்கழி மாதம். கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர் அக்கா கோலம் போட்டுப் பூசணிப்பூ வைத்திருந்தார். அவருடைய மகளுக்குத் தையில் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. வீட்டு வாசலில்தான் பந்தக்கால் நட வேண்டும், பெண்ணுக்கு நலங்கு வைக்க வேண்டும். அக்கா நல்லவர். அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முழுக்க எங்களுக்குச் சோறு போட்டவர் அவர். அப்பாவுக்கென்று மிளகு ரசம் வைத்து ஒரு கிண்ணத்தில் தனியாகக் கொடுத்து அனுப்புவார்.

அவர்தான் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"தப்பா நென்ச்சிக்காதம்மா. டாக்டரு இன்னா சொன்னாரு? எத்தினி நாளு தாங்கும்னாரு?"

"தெரியலக்கா. இன்னிக்கோ நாளைக்கோன்னாரு."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணத்த வெச்சிகினு கீறேன். இங்க எதுனா ஆச்சின்னா சம்பந்தி ஊட்ல இன்னா சொல்வாங்க? பந்தக்கால் நடுற ஊட்ல பொணம் உயுந்துச்சி, பொண்ணு பீடைன்னு சொல்ட்டாங்கன்னா? அந்தப் பேரு ஒருதபா வந்துச்சின்னா போவாதும்மா. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்? கோபம் வந்தது. அவர் மேல் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். கீழே கதவு ஓரமாக அந்தப் பெண் மருதாணி வைத்த கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். வானகரத்துச் சமையலறையில் நின்றது போல் இவளும் ஒரு சமையலறையில் நிற்க வேண்டுமா? அதற்கு என் அப்பா காரணமாக இருக்க வேண்டுமா?

மேலே போனேன். ஜன்னல் திறந்திருந்தது. படியில் பேசினது எல்லாம் அப்பாவுக்குக் கேட்டிருந்தது.

"கிளம்பிடலாம்" என்றார்.

"எங்கங்க?" என்றாள் அம்மா. பிறகு அவளே, "வேப்பம்பட்டுக்குப் போயிடலாம். நம்ம வீடு" என்றாள்.

அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பேசுவதற்கு ஒவ்வொரு வார்த்தையாக மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது அவருக்கு. "பால் காய்ச்சாத வீடு. மொத மொத அதுல நான் பொணமா கெடக்கவா? இவ அதுல வாழணும்." என்னைக் கண்ணால் காட்டினார். "இவளுக்கு ஏற்கெனவே…" அதற்கு மேல் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அப்போதும் முழுங்கினார். "ஆஸ்பத்திரியிலயே போட்டுடுங்க."

எந்த இடத்துக்கு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினாரோ, அங்கேயே போகிறேன் என்கிறார். வாடகை வீட்டில் செத்தால் அந்தப் பெண்ணுக்குப் பீடை. சொந்த வீட்டில் செத்தால் பெற்ற பெண்ணுக்குப் பீடை. ஆயுசு முழுக்க உழைத்த மனுஷனுக்குப் படுத்துச் சாக ஆறடி இடம் இல்லை இந்த ஊரில். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "நான் எதையும் நம்பலப்பா. என்னை ஒண்ணும் புடிக்காது. நாம வேப்பம்பட்டுக்குப் போறோம்" என்று கத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் நம்பாதது பற்றி அவருக்கு என்ன? அவர் நம்பினார்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். வாழ்நாளில் அவர் பேச்சைத் தட்டாதவள். "பால் காய்ச்சலங்கிறதுதான உங்களுக்குக் கொற? காலையில மொத ரயில்ல போய் நான் பால் காய்ச்சிடறேன். அப்புறம் அது வீடு. நீங்க பின்னாடி வாங்க. வீட்டுக்காரர் வீட்டுக்கு வர்றதுல என்ன பீடை?"

அப்பா கண்ணைத் திறந்தார். "மார்கழில எவளாச்சும் பால் காய்ச்சுவாளா?"

"நான் காய்ச்சுவேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. சரி என்று சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

விடியற்காலையில் அம்மா ஒரு பையில் மண்ணெண்ணெய் ஸ்டவ், பித்தளைப் பாத்திரம், மஞ்சள், குங்குமம் எல்லாம் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். பால் பாக்கெட் வழியில் வாங்கிக்கொண்டாள். நான் தெருமுனையில் வேன் ஓட்டுகிறவரைப் பிடித்து வந்தேன். அவரும் அக்காவின் வீட்டுக்காரரும் அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துப் படியிறக்கினார்கள். அக்கா வெளியே வரவில்லை. உள்ளே அழுதுகொண்டிருந்தது கேட்டது. வேன் தெரு திரும்பும்போது பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்கா வாளி நிறைய மஞ்சள் தண்ணீரோடு வந்து, நாங்கள் இறங்கின படிகளில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டேதான் கழுவினார்.

அப்பா என் மடியில் தலை வைத்துப் பின் சீட்டில் படுத்திருந்தார். பட்டாபிராம் தாண்டும்வரை கண் திறந்துதான் இருந்தது. திருநின்றவூர் நெரிசலில் ஊர்ந்து வெளியே வந்தோம். வேப்பம்பட்டு ரயில்வே கேட்டுக்கு நாங்கள் போகும்போது கேட் இறங்கிக்கொண்டிருந்தது. தண்டவாளத்தைத் தாண்டினால் வீடு. எங்கள் முன்னால் ஒரு தண்ணீர் லாரி, இரண்டு பக்கமும் பைக்குகள். ஒரு ரயில் போயிற்று. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொன்று வருகிறது என்றார்கள்.

அப்பாவின் மூச்சு மாறியது. உள்ளே போவதற்கு ஒரு நேரமும் வெளியே வருவதற்கு ஒரு நேரமும் எடுத்துக்கொண்டது. "அண்ணே, எப்படியாவது போங்கண்ணே" என்று டிரைவரிடம் கத்தினேன். அவர் ஹார்னை அழுத்தினார். லாரிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அழ ஆரம்பித்தேன். இத்தனை நாள் வராத அழுகை. அவர் முகத்தின் மேல் சொட்டியது.

அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நேராக என்னைத்தான்.

"அழுவாத பீடை" என்றார்.

எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். அந்த உரத்த குரல் இல்லை, மூச்சு மட்டும்தான். ஆனால் தாழ்ந்த குரலும் இல்லை அது. சோற்றுக்குக் கூப்பிடுகிற பீடை. எனக்குத் தெரியாதா? இரண்டாவது ரயில் போயிற்று. சத்தம் ஓய்ந்தபோது என் மடியில் அவர் தலை கனத்திருந்தது.

கேட் திறந்தது. அந்தப் பக்கம் போய்த் தெருவுக்குள் நுழைந்ததும் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார்.

"யக்கா, முட்ஞ்சிபோச்சி யக்கா." கொஞ்சம் தயங்கினார். "வெளிய போன உசுரு. பொணத்த ஊட்டுக்குள்ள எடுத்துகினு போவ மாட்டாங்க. வாசல்லயே பந்தலு போட்டு…"

அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வெளியில் செத்தவருக்கு வாசல்தான். எனக்கும் தெரியும்.

"தூங்குறாரு" என்றேன். "உள்ள தூக்கிட்டுப் போகணும்."

அவர் என்னையே பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி யக்கா. தூங்குறாரு" என்று வண்டியை எடுத்தார்.

அம்மா வாசல் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள். உள்ளே பூசாத சுவருக்கு நடுவில், மணல் தரையில் மூன்று செங்கல் மேல் ஸ்டவ் இருந்தது. பால் பொங்கி வழிந்து ஸ்டவ்வே அணைந்திருந்தது. எதிர் மனையில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்தார், டிரைவர் ஒரு பக்கம். அம்மா கிட்டே வந்து அப்பாவின் பாதத்தைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்காமல் நின்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டதை நானும் பார்த்தேன்.

"இருங்க, அப்படியே நொழைஞ்சிடாதீங்க" என்றாள் அவர்களிடம். அப்பாவின் வலது காலை இரண்டு கையாலும் பிடித்து, நிலைப்படிக்கு உள்ளே தரையில் ஊன்றினாள். "வலது காலை எடுத்து வெச்சு வாங்க" என்றாள் அவரிடம்.

பாயில் படுக்க வைத்தார்கள். அம்மா பாத்திரத்தின் அடியில் மிச்சமிருந்த பாலை ஸ்பூனில் எடுத்து அவர் வாயில் விட்டாள். அது கடைவாய் வழியாக வழிந்து கழுத்துக்குப் போயிற்று. முந்தானையால் துடைத்தாள். மறுபடி ஒரு ஸ்பூன் விட்டாள், மறுபடி துடைத்தாள். கொத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்.

"கேட்டு போட்டுட்டானா?" என்று கேட்டாள் அம்மா.

"ஆமாம்மா."

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

தையில் அந்தக் கல்யாணம் நன்றாக நடந்தது. சில மாதம் கழித்து அக்கா தாம்பூலப் பையும் லட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று அம்மாவும் கூப்பிடவில்லை, புதுப் பெண்ணின் அம்மா சங்கடப்படக் கூடாது என்று. பொண்ணு எப்படி இருக்கா என்று கேட்டேன். சௌக்கியமா கீறா என்றார். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது எனக்கு.

இப்போது பூச்சு வேலை முடிந்து, ஜன்னல் வைத்து, தரை போட்டாகிவிட்டது. நானும் அம்மாவும் இங்கேதான் இருக்கிறோம். தெருவில் எங்கள் வீட்டைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரியும். மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விடப் பார்க்கிறோம், யாரும் வருவதில்லை. போன வாரம் ஒரு புரோக்கர் வந்தார். நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, யாரும் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, போனில் உரக்கப் பேசினார்.

"பால் காய்ச்சுன அன்னிக்கே சாவு உயுந்த ஊடுப்பா இது. இன்னா, இங்கயா? பீடை புட்ச்ச ஊடாச்சே."

ஈரக் கையோடு முன்பக்கம் வந்து கேட்டைத் திறந்தேன்.

"ஆமாங்க" என்றேன். "அந்தப் பீடை நான்தான். எங்க அப்பா வெச்ச பேரு. உள்ள வாங்க, வீட்டப் பாருங்க."